அநியாயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

புனே நகரை அடுத்து இருக்கிறது சாங்வி. முளா, பவனா ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகில் உள்ள ஊர். அங்கே ஒரு கட்டட வேலை நடப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து போன ஓர் ஆணும் ஒரு பெண்ணும் செங்கல் சுமக்கிறார்கள். ஒரே வேலை. ஒரே நேரம். வாரக் கடைசியில் ஆணுக்கு 3,600 ரூபாய். பெண்ணுக்கு 2,400 ரூபாய்.

"மேஸ்திரி அண்ணே, இது அநியாயம்!" என்கிறார் அந்தப் பெண்.

"இங்கே அதுதாம்மா வழக்கம்" என்கிறார் மேஸ்திரி.

அநியாயம் பல வகை. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. இந்தச் சொற்கள் சட்டத்திலும் அலுவலகத் தாள்களிலும் வரும். தெரிந்துகொண்டால் நல்லது.

அன்ஃபேர்: 'ஃபேர்' என்றால் நியாயமானது. 'அன்ஃபேர்' என்றால் நியாயமற்றது. பஸ் கட்டணத்தையும் 'ஃபேர்' என்பார்கள். அது வேறு சொல்.

பார்ஷியாலிட்டி: பாரபட்சம். தன் ஊர்க்காரருக்கு மட்டும் எளிய வேலை கொடுப்பது இந்த வகை.

பயஸ்: மனச்சாய்வு. 'பெண்ணுக்கு மெஷின் ஓட்ட வராது' என்று பார்க்காமலே முடிவு செய்வது.

டிஸ்கிரிமினேஷன்: பாகுபாடு. சாதி, மதம், ஆண், பெண் என்று பிரித்துக் குறைவாக நடத்துவது.

இன்ஜஸ்டிஸ்: அநீதி. இவை எல்லாவற்றையும் அடக்கும் பெரிய சொல்.

ஆலைத் தொழிலாளர்களுக்காக 1971-ல் மகாராஷ்டிர மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பெயரிலேயே 'அன்ஃபேர்' என்ற சொல் இருக்கிறது. தகுதியைப் பார்க்காமல் ஒரு சாராருக்கு மட்டும் சலுகை காட்டுவது அன்ஃபேர் என்றது அந்தச் சட்டம். நிரந்தர உரிமையைத் தராமல் இருப்பதற்காக, ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஆளாகவே வைத்திருப்பதும் அன்ஃபேர் என்றது.

அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பாகுபாட்டைப் பற்றியது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி அரசு யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது. பிறந்த இடமும் அதில் இருக்கிறது. வெளி மாநிலம் போனவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆகவே, சாங்விப் பெண்ணுக்கு நடந்தது வழக்கம் அல்ல. அது டிஸ்கிரிமினேஷன். சட்டப்படி தவறு.

ஆங்கிலம் வாயில் வராவிட்டாலும் கவலை இல்லை. மராத்தியில் அநியாயத்தை 'அன்யாய்' என்பார்கள். பட்சபாதம் 'பக்ஷபாத்'. பேதம் காட்டுவது 'பேத்பாவ்'. நம் சொற்கள் போலவே இருக்கின்றன அல்லவா? பக்கத்தில் வேலை செய்யும் மராத்திப் பெண்ணுக்கும் அது புரியும். இருவரும் சேர்ந்தே கேட்கலாம்.

கேட்டும் பயன் இல்லையா? 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஆலைத் தொழிலாளர்களுக்கும் உண்டு.

பெயர் தெரியாத நோய்க்கு மருந்து கேட்பது கடினம். அநியாயமும் அப்படித்தான். முதலில் அதன் பெயரைத் தெரிந்துகொள்வோம்.