சீர் தப்பிய நாடி

சிவகாசிப் பக்கம் நோயாளரைக் காணச் செல்கையில், பக்கவாதத்தில் வீழ்ந்தோரின் வீட்டார் சிலர், "பல நாளாக நெஞ்சு படபடத்தது, ஒரு நாள் கூலி போகுமே என்று மருத்துவரிடம் காட்டவில்லை" எனக் கூறக் கேட்டிருக்கிறோம்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதை மருத்துவர்கள் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பர். அறையில் தேங்கும் குருதி உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் விளையும். முதுமையும், இரத்தக் கொதிப்பும், வாதக் காய்ச்சலால் பழுதுற்ற இதய வால்வும் இதற்கு முக்கிய காரணங்கள்.

இன்று அறிஞர்கள் குடலையும் ஆராய்கின்றனர். விருதுநகர்ப் பரோட்டாவோடு நாம் சுவைக்கும் ஆட்டிறைச்சியில் கார்னிட்டின் உண்டு. முட்டை மஞ்சட்கருவில் கோலின் உண்டு. குடல் நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைக்க, அதில் பிறக்கும் பொருளைக் கல்லீரல் 'டி.எம்.ஏ.ஓ.' ஆக மாற்றுகிறது. அது குருதியில் கலக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் இதனை இதயநோயோடு தொடர்புபடுத்தினர். துடிப்புக் கோளாறு உடையோர் பலரிடம் இது மிகுந்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் சில கண்டன. ஆயினும் இதுவே காரணம் என இன்னும் நிறுவப்படவில்லை.

ஆகவே, இறைச்சியைக் குறைத்துப் பயறும் கீரையும் உண்பது நன்று. ஆனால் பத்தியத்தை நம்பி, குருதி உறையாதிருக்க மருத்துவர் தந்த மாத்திரையைக் கைவிடுவது உயிருக்கே ஆபத்து.

இன்றே வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். அது சீர் தப்பினால், 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் சென்று ஈ.சி.ஜி. எடுக்கச் செய்யுங்கள். ஒரு நாள் கூலியினும் உயிர் பெரிதன்றோ!