ஊர்ப் பெயரோடு குறியுங்கள்

இணையத்தில் 'கொடியேற்றம்' என்று மட்டும் தேடினால் நல்லூரிலிருந்து திருவண்ணாமலை வரை கோயில் திருவிழாக்களே வரிசையாக வரும். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை நினைவாகக் கிழக்கிலங்கையின் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் ஏறும் கொடியைப் பற்றிய கட்டுரை அந்தக் கூட்டத்தில் அமுங்கிவிடும். 'கல்முனை கடற்கரைப் பள்ளி கொடியேற்றம்' என்று குறிச்சொல் இட்டிருந்தால் தேடுகிறவருக்கு அது நேரே கிடைத்திருக்கும்.

ஊர், பொருள், தேவையானால் காலம். இவ்வளவுதான் சூத்திரம். நூலகத் துறைக்கு இது புதிதல்ல. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர். இரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்துக் கோத்தார். இடமும் காலமும் அந்தக் கூறுகளில் அடக்கம்.

'கைத்தறி' என்றால் காஞ்சிபுரம் முந்திக்கொள்ளும். 'மருதமுனை கைத்தறிச் சாறன்' என்றால் மருதமுனைதான். 'கடலரிப்பு' எந்தக் கரைக்கும் பொது; 'ஒலுவில் கடலரிப்பு' என்பது ஒலுவில் மீனவரின் கவலை. 'சமூகம்', 'கலாசாரம்', 'வரலாறு' போன்றவை எதையும் கண்டுபிடித்துத் தருவதில்லை. குறிச்சொல்லை ஹேஷ்டேக்காக இடும்போது இடைவெளி விட்டால் முதற்சொல்லோடு குறி அறுந்துவிடும். சொற்களுக்கிடையே அடிக்கோடு போட வேண்டும்.

சிறிய சொல்லைத்தான் அதிகம் பேர் தேடுகிறார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் அந்த அதிகம் பேர் தேடுவது மருதமுனையை அல்ல.

பெரிய கவலை சுனாமி பற்றியது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேற்பட்டோர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் தெருத் தெருவாக வீடுகள் போயின. அந்த நாட்களின் படங்களும் கையெழுத்துப் பட்டியல்களும் நினைவு மலர்களும் இப்போது ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்துக்கு வருகின்றன. அவை வெறும் படங்கள். உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் வாசிப்பதில்லை. தலைப்பும் குறிச்சொல்லுமே வழி. 'சுனாமி' என்று மட்டும் குறித்தால் 2011 ஜப்பான் பேரலையும் இந்தோனேசியாவின் ஆச்சேயும் மேலே வந்து நிற்கும். தன் வாப்பாவின் பெயரைத் தேடும் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் கிடைக்காமலே போகலாம். கடல் கொண்டுபோனதை மறுபடி தொலைப்பது தாங்கக்கூடியதல்ல.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து வெளியீடுகளை ஆசிரியர், ஆண்டு, பதிப்பாளர் விவரங்களோடு அடுக்கி வைத்திருக்கிறது. அந்த ஒழுங்கு ஊர் இளைஞர்களின் பதிவுகளுக்கும் வேண்டும். ஒரு ஊருக்கு ஒரே எழுத்துக்கூட்டல். ஒரு நிகழ்வுக்கு ஒரே சொற்றொடர். மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம்.

நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் எழுதுகிறவர்கள் பழைய பதிவுகளையும் திறந்து, 'சுனாமி' என்பதற்கு முன்னால் தங்கள் ஊரின் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.