கயிறு பிடித்தவர்

முத்துக்குளிப்பு என்றாலே மூழ்கியவரைத்தான் படம் போடுகிறார்கள். தோணியில் நின்று கயிறு பிடித்தவரை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கென்னவோ அவர் வேலைதான் கடினம் என்று படுகிறது.

தூத்துக்குடிக் கரையை ஒட்டிய முத்துச்சிப்பிப் பார்களில் முறை இப்படி: கல் கட்டிய கயிற்றில் ஒரு காலை நுழைத்துக்கொண்டு குளியாள் இறங்குவார். ஒரு கல்லுக்கு இருவர்; ஒருவர் இறங்க, மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்வார். அடி தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அப்புறம் அவருக்கும் தோணிக்கும் நடுவே ஒரே ஒரு கயிறு. கையிருப்பில் ஒரு நிமிடம் முன்பின்னான மூச்சு. சுண்டினால் தூக்க வேண்டும். சுண்ட வேண்டிய நேரம் தாண்டியும் சுண்டவில்லை என்றாலும் தூக்க வேண்டும். வீணாகத் தூக்கினால் நாலு சிப்பி நஷ்டம். தூக்காமல் விட்டால் ஆளே நஷ்டம். மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், தங்கச்சி தாலிமேல் அவனைவிட யாருக்கு அக்கறை என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு.

சுறா வாயைக் கட்ட மந்திரம் போடும் கடல்கட்டிக்கும் பங்கு போனது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் வராமல் குளியாட்கள் இறங்க மாட்டார்களே! ‘எல்லாம் சரி’ என்று சொல்வதற்கே ஓர் ஆள். இன்றைய கணினித் திரையின் பச்சை விளக்குக்கு மூத்தவர்.

1955 முதல் 1961 வரை நடந்த குளிப்போடு அந்தத் தொழில் ஓய்ந்தது.

இப்போது கடலுக்குப் போகுமுன் கைப்பேசியில் அலை உயரம் பார்க்கிறார்கள். அந்தக் கணிப்பை அனுப்புவது ஐதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம். காற்றையும் மழையையும் கணிக்க நொய்டாவில் அருணிகா என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 2024 செப்டம்பரில் வந்தது. சூப்பர் கம்ப்யூட்டர் என்பது ஒற்றைப் பெட்டி இல்லை. ஒன்றோடொன்று பிணைத்த சர்வர்களின் கூட்டம். வானத்தையும் கடலையும் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு படியிலும் பக்கத்துத் துண்டின் விளிம்புக் கணக்கு வந்தால்தான் அடுத்த படி நகரும். ஆகவே ஒரு சர்வர் படுத்தால் மற்றவை கை கட்டி நிற்கும்.

இங்கேயும் கயிறு பிடிக்க ஒரு மென்பொருள் உண்டு. இந்த மாதிரிக் கூட்டங்களில் பரவலாக ஓடும் ஸ்லர்ம், ஒவ்வொரு சர்வரும் பதில் சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். யாரும் மாற்றி வைக்காவிட்டால் 300 நொடி பதில் இல்லாத சர்வரைச் செத்ததாகக் குறித்துவிடும். குளியாளுக்கு அது நாலைந்து முழுக்கு நேரம். சூடு, நினைவகப் பிழை, நிரம்பிய வட்டு என்று நோய் அறிகுறி தெரிந்தால், கையில் உள்ள வேலையை முடிக்கவிட்டுப் புது வேலை கொடுக்காமல் ஒதுக்கியும் வைக்கலாம். இளைப்பாறும் குளியாளைப் போலத்தான். ஆனால் இதைப் பழுது பார்த்த பிறகே திரும்பச் சேர்ப்பார்கள்.

சிக்கல் மௌனத்தில்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. பதில் வராத வீட்டில் ஆளுக்கு ஆபத்தா, டவருக்கா? சர்வர் அறையிலும் இதே கேள்விதான்: பெட்டி செத்ததா, கேபிள் கழன்றதா? அதனால்தான் சர்வருக்குள் தனியாக ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுக் கணினி வைக்கிறார்கள். பெரியது உறைந்து கிடந்தாலும் இது விழித்திருக்கும். வெப்பநிலை சொல்லும், தூரத்திலிருந்தே மின்சாரத்தை நிறுத்திப் போடவும் விடும். இரண்டாவது கயிறு.

அன்றைக்குக் கயிறு பிடித்தவருக்குக் கண்காணிக்க ஒருவர். இன்று இரவுப் பணியில் இருப்பவருக்கு நூற்றுக்கணக்கில். ஒரு நெட்வொர்க் சுவிட்ச் போனால் அதன்கீழ் உள்ள அத்தனை பெட்டிகளும் ஒரே சமயத்தில் அலறும். விவரமான அட்மின் முதலில் எழுதி வைக்கும் விதி, சுவிட்ச் படுத்தால் அதன் ஓர் எச்சரிக்கை மட்டும் வரட்டும், மற்றவற்றை அடக்கு என்பது. அப்போதுதான் நடு இரவில் எந்தக் கயிற்றை முதலில் இழுப்பது என்று அவருக்குத் தெரியும்.