தீவுப் போக்குவரத்தும் கப்பல் பழுதுபார்ப்பும்

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) வடக்கே செல்லும் அந்தமான் டிரங்க் சாலை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் நடு நீரிணையின் கரையில் நின்றுவிடுகிறது. எதிர்க்கரையில் பாராடாங் தீவு. பேருந்துகளும் சரக்குந்துகளும் தட்டையான வாகனப் படகுகளில் ஏற்றப்பட்டு நிலம்பூர் துறையில் இறக்கப்படுகின்றன. தீவின் வடபுறத்தில் ஹம்ப்ரி நீரிணையின்மீது 1.45 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் அமைந்துள்ளது. தென்புறத்தில் படகே பாலம். ஆகவே, படகு பழுதுற்றால் முடங்குவது மத்திய, வட அந்தமானின் சாலைப் போக்குவரத்தாகும்.

வெப்பமண்டலக் கடல்நீர் கலங்களை விரைவில் தேய்க்கிறது. அடிப்பாகத்தில் கொட்டலசும் பாசியும் பற்றிக்கொள்வதால் வேகம் குறைந்து எரிபொருட் செலவு கூடுகிறது. வெண்கல உந்துவிசிறியும் எஃகு உடலும் ஒரே உவர்நீரில் இருக்கையில் மின்வேதி வினையால் எஃகு அரிக்கப்படும். அதற்கு ஈடாகத் தாமே கரைந்துபோகும் துத்தநாகத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. இவற்றை மாற்றுதல், அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசுதல், விசிறித் தண்டைச் சோதித்தல் ஆகியவற்றைச் செவ்வனே செய்ய உலர்துறை தேவை. கலம் உள்ளே வந்ததும் கதவை மூடி, நீரை இறைத்து வெளியேற்றுவர். கலம் முன்னரே அடுக்கிய கட்டைகளின்மேல் அமரும்.

தீவுகளில் இவ்வசதி ஸ்ரீ விஜயபுரத்தின் ஃபீனிக்ஸ் விரிகுடாவில் உள்ளது. அதன் அளவுக்கு அடங்காத கலம் பெருநிலத்திற்கே செல்லவேண்டும். சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவு. வருவாயின்றி எரிபொருள் செலவாவதோடு, உலர்துறையில் முறை கிடைக்கும்வரை காத்திருக்கவும் நேரிடும். இந்தச் செலவு கணக்கேடுகளில் முழுமையாக இடம்பெறுவதில்லை; சந்தைக்குப் போகாத காய்கறியிலும், தாமதமாகும் நோயாளியின் பயணத்திலும் அது கழிகிறது.

கட்டுமானத்தில் நாடு முன்னேறியுள்ளது என்பதில் ஐயமில்லை. விசாகப்பட்டினத்தில் 1948இல் ஜல உஷா நீரில் இறங்கியது. கொச்சித் தளம் 1981இல் ராணி பத்மினியை அளித்தது. அந்தமானுக்கென நான்கு பயணிகள் கப்பல்களைக் கட்ட 2016இல் கொச்சித் தளத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அவற்றுள் இரண்டு, தலா 1,200 பயணிகளையும் 1,000 டன் சரக்கையும் ஏற்குமாறு திட்டமிடப்பட்டவை. எனினும், புதிய கப்பலுக்கு நிதி பெறுவது எளிது. உதிரிபாகக் கிடங்குக்கும் தேர்ந்த பற்றவைப்பாளருக்கும் பெறுவதே கடினம். கப்பலின் வாழ்நாளோ இவற்றைப் பொறுத்தது.

நடு நீரிணையிலும் பாலம் அமைந்தால் பாராடாங்கின் படகுகளுக்கு வேலை குறையலாம். நிக்கோபாரின் நிலை வேறு. இடையிலுள்ள பத்துப் பாகைக் கால்வாயின் அகலம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அங்குச் சரக்கும் பெரும்பாலான பயணிகளும் கப்பலிலேயே சென்றாகவேண்டும்.