ஒரு மைலின் விலை என்ன?
இனாம் விமானப் பயணத்தின் கணக்கு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஓர் என்ஜினீயர். பெயர் டேவிட் பிலிப்ஸ். 1999-ம் ஆண்டில் அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். கிண்ணத்தில் அடைத்து விற்கும் பால் இனிப்பு வாங்கினார். ஒரு கிண்ணம், இரண்டு கிண்ணம் அல்ல. 12 ஆயிரத்து 150 கிண்ணம்!

மனிதருக்கு இனிப்பின் மேல் அத்தனை ஆசையா?

இல்லை. அவருக்கு ஆசை ஆகாய விமானத்தின் மேல்!

அந்த ஆண்டு ஓர் உணவுக் கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. தங்கள் சரக்கின் 10 லேபிள்களை அனுப்பினால், விமானக் கம்பெனியில் 500 மைல் வாங்கித் தருவதாகச் சொன்னது. மே மாதத்துக்குள் அனுப்பினால் இரட்டிப்பு. அதாவது 1,000 மைல்.

எல்லாரும் விளம்பரத்தைப் பார்த்தார்கள். பிலிப்ஸ் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு கிண்ணம் 25 செண்டு. நூறு செண்டு சேர்ந்தால் ஒரு டாலர். ஆகவே, இரண்டரை டாலருக்கு 1,000 மைல்!

இனிப்பு வாங்கியாகிவிட்டது. ஆனால் லேபிளை யார் உரிப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார். இனிப்பை இரட்சணிய சேனைக்குத் தானமாகக் கொடுத்தார். அங்கிருந்த தொண்டர்கள் லேபிளை உரித்துக் கொடுத்தார்கள். ஏழைகளுக்கு இனிப்பு. பிலிப்ஸுக்குப் பன்னிரண்டரை லட்சம் மைல்! அவர் செய்த செலவு சுமார் 3,140 டாலர்தான்.

"மைல்" என்பது என்ன?

தூரத்தை அளக்கிற மைல் வேறு. இந்த மைல் வேறு.

ஒரே கம்பெனி விமானத்தில் அடிக்கடி போகிறவருக்கு அந்தக் கம்பெனி மார்க்குப் போடுகிறது. அந்த மார்க்குக்குத்தான் மைல் என்று பெயர். சிலர் புள்ளி என்றும் சொல்வார்கள். போதிய மைல் சேர்ந்தால் டிக்கெட் இனாம்.

1978-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் விமானக் கட்டணங்களின் மேல் இருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் செய்தது. கம்பெனிகளுக்குள் போட்டி மூண்டது. பிரயாணியைப் பிடித்து வைக்க ஒரு வழி வேண்டும். 1981-ம் ஆண்டு மே மாதம் "அமெரிக்கன்" விமானக் கம்பெனி இந்தத் திட்டத்தைப் பெரிய அளவில் தொடங்கியது. சில நாட்களில் "யுனைடெட்" கம்பெனியும் தொடங்கிவிட்டது. இன்று உலகில் பெரிய விமானக் கம்பெனிகளில் பெரும்பாலானவை இதை வைத்திருக்கின்றன. நம் நாட்டு "ஏர் இந்தியா"வும் வைத்திருக்கிறது.

எது நல்ல திட்டம்?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "அந்தக் கம்பெனி 5 ஆயிரம் மைல் தருகிறது. இது 3 ஆயிரம்தான் தருகிறது. ஆகவே அதுதான் நல்லது" என்று நினைக்கிறார்கள்.

மைலை எண்ணிப் பயன் இல்லை. மைல் என்ன வாங்கும் என்று பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஓர் ஊருக்கு டிக்கெட் விலை 250 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதே டிக்கெட்டுக்கு ஒரு கம்பெனி 25 ஆயிரம் மைல் கேட்கிறது. 250 டாலரை 25 ஆயிரத்தால் வகுத்தால், ஒரு மைலின் மதிப்பு ஒரு செண்டு. வேறொரு கம்பெனி 12 ஆயிரத்து 500 மைல்தான் கேட்கிறது. அங்கே ஒரு மைலின் மதிப்பு இரண்டு செண்டு. அந்தக் கம்பெனி தருகிற 3 ஆயிரம் மைல், முதல் கம்பெனி தருகிற 5 ஆயிரம் மைலை விட உயர்ந்தது!

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. இனாம் டிக்கெட்டுக்கும் வரி உண்டு. சில கம்பெனிகள் தங்கள் பங்குக்குத் தனிக் கட்டணமும் சேர்த்து வாங்குகின்றன. "பிரிட்டிஷ் ஏர்வேஸ்" இதில் பேர் போனது. கையிலிருந்து கட்டுகிற பணத்தை டிக்கெட் விலையில் கழித்துவிட்டு, மீதியைத்தான் மைலால் வகுக்க வேண்டும்.

ஏழைப் பிரயாணிக்கு அடி

முதலில் எத்தனை தூரம் பறந்தாரோ அத்தனை மைல் என்பதே பொது வழக்கமாக இருந்தது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 2,500 மைல். பறந்தால் 2,500 மார்க்கு.

2015-ம் ஆண்டில் "டெல்டா" கம்பெனி இதை மாற்றியது. தூரத்தைப் பார்ப்பதை விட்டு, கொடுத்த பணத்தைப் பார்க்க ஆரம்பித்தது. சாதாரண அங்கத்தினருக்கு ஒரு டாலருக்கு 5 மைல் என்று வைத்தது. அதே ஆண்டு யுனைடெட்டும், அடுத்த ஆண்டு அமெரிக்கனும் அதே வழியில் போயின.

விளைவு என்ன? பல நாள் முன்னதாகவே சீட்டுப் பதிவு செய்து, 150 டாலருக்கு மலிவு டிக்கெட் எடுத்த குடும்பத் தலைவருக்கு முன்பு 2,500 மைல் கிடைத்தது. புதிய கணக்கில் 750 தான். அதே விமானத்தில், கம்பெனிச் செலவில் ஆயிரம் டாலர் டிக்கெட்டில் போகிற அதிகாரிக்கு 5 ஆயிரம்!

விலைப் பட்டியலும் மறைந்தது. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று முன்பு அச்சிட்ட பட்டியல் உண்டு. டெல்டா அதை 2015-ல் எடுத்துவிட்டது. யுனைடெட் 2019-லும், அமெரிக்கன் 2023-லும் எடுத்துவிட்டன. டிக்கெட்டுக்கு நாளுக்கு நாள் மைல் விலை மாறுகிறது. மகள் கல்யாணத்துக்குப் போக என்று மைல் சேர்க்கிறவர், அந்த நாளில் எத்தனை மைல் கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது.

கோர்ட்டுக்குப் போனவர்

இது நியாயமா என்று ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அவர் ஒரு யூத மத குரு. பெயர் பின்யோமின் கின்ஸ்பர்க். அமெரிக்காவில் "நார்த்வெஸ்ட்" என்ற கம்பெனியின் திட்டத்தில் 1999-ல் சேர்ந்தார். ஓயாமல் பறந்தார். 2005-ல் உயர்ந்த அந்தஸ்து கிடைத்தது.

2008-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்த அந்தஸ்தைக் கம்பெனி பறித்துவிட்டது. காரணம்? அடிக்கடி புகார் செய்கிறார் என்பதுதான்! சில மாதங்களில் 24 முறை புகார் செய்தார், அதில் 9 முறை பெட்டி தாமதமாக வந்தது பற்றியது என்று கம்பெனி கணக்குக் காட்டியது. திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் நீக்கலாம், தவறா இல்லையா என்று கம்பெனியே முடிவு செய்யலாம் என்று நிபந்தனையில் எழுதியிருந்தது.

கம்பெனி நேர்மையாக நடக்கவில்லை என்று மத குரு வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே மனதாகக் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 1978-ம் ஆண்டுச் சட்டப்படி இப்படி வழக்குப் போட இடமில்லை என்றார்கள்.

அப்படியானால் பிரயாணிக்கு என்ன வழி? அதற்கும் தீர்ப்பில் பதில் இருக்கிறது. கெட்ட பெயர் எடுத்த கம்பெனியை விட்டுவிட்டு, நல்ல திட்டம் உள்ள வேறு கம்பெனியில் சேரலாம் என்பதே அந்தப் பதில்!

ஆகவே, ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் வேலை அல்ல. பிரயாணியின் கையில் உள்ள பெரிய ஆயுதமே அதுதான்.

விமானத்தை விட மைல் பெரிது!

கம்பெனிகளுக்கு இதில் என்ன லாபம்? மைல்களை அவை பாங்கிகளுக்கு விற்கின்றன. பாங்கிகள் அவற்றைக் கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கின்றன. 2024-ம் ஆண்டில் ஒரே ஒரு அட்டைக் கம்பெனியிடமிருந்து டெல்டாவுக்கு வந்த பணம் சுமார் 740 கோடி டாலர்!

2020-ம் ஆண்டில் கொரோனா நோயினால் விமானங்கள் நின்றன. யுனைடெட் கம்பெனிக்குக் கடன் தேவைப்பட்டது. தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 680 கோடி டாலர் வாங்கியது. அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர் என்று கம்பெனியே சொன்னது. அப்போது கம்பெனியின் பங்குகள் அத்தனையும் சேர்ந்தும் சந்தையில் ஏறத்தாழ அதில் பாதி விலைதான் பெற்றன!

கம்பெனியே பொன்னாக மதிக்கிற பொருளைப் பிரயாணி கணக்குப் பார்க்காமல் விடலாமா?

என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களும், அடிக்கடி பறக்கிற மற்றவர்களும் கவனிக்க வேண்டியவை இவை:

1. நீங்கள் போகிற ஊருக்கு எந்தக் கம்பெனி பறக்கிறது என்று பாருங்கள். போகாத ஊருக்கு வழி சொல்கிற மைலால் பயன் இல்லை.

2. காலக்கெடுவைக் கேளுங்கள். டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் கெடு இல்லை. அமெரிக்கனில் 24 மாதம் கணக்கில் எந்த வரவு செலவும் இல்லாவிட்டால் மைல் போய்விடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மைலின் ஆயுள் 3 ஆண்டு.

3. குடும்பத்தார் மைலை ஒன்றாகச் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். யுனைடெட் 2024 முதல் 5 பேர் வரை சேர்க்க அனுமதிக்கிறது. நாலு பேரிடம் சிதறிக் கிடக்கிற மைல் ஒரு டிக்கெட்டுக்கும் உதவாது.

4. மைலுக்காகத் தேவையில்லாத பயணம் போகாதீர்கள். மைலுக்காகக் கடன் அட்டையில் கடன் வைக்காதீர்கள். கட்டுகிற வட்டி, கிடைக்கிற மைலை விழுங்கிவிடும்.

5. சேர்த்து வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். பாங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி உண்டு. மைலுக்கு வட்டி இல்லை, தேய்மானம்தான் உண்டு. 2001-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் "ஆன்செட்" விமானக் கம்பெனி திவாலானது. அதன் அங்கத்தினர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த புள்ளிகள் செல்லாக் காசாயின.

"இனாம்" என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் மயங்குவது சகஜம். மயங்குவதற்கு முன்னால் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் இனிப்பு வாங்கப் போன டேவிட் பிலிப்ஸ் செய்ததும் அதுதான்!