வெப்பமும் ஈரமும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளென்றும், மரம், விலங்கு, புள் முதலியவற்றைக் கருப்பொருளென்றும் வகுத்தார் தொல்காப்பியர். அவ்வைப்பின் பொருத்தத்தை நீலகிரியிலே நாம் கண்கூடாகக் காணலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலே மோதி, மேலெழுந்து குளிர்ந்து, தன் ஈரத்தைப் பெருமழையாகப் பொழிந்துவிடுகின்றது. ஆதலின் அங்கே பசுமை மாறாக் காடுகள் செழித்தன. அக்காற்று வறண்டு இறங்கும் கிழக்கு அடிவாரத்திலோ முட்புதர்களே மிகுதி. இது ஈரத்தின் ஆட்சி.

வெப்பத்தின் ஆட்சி உயரத்திலே விளங்கும். 1,000 மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் சென்டிகிரேடு அளவில் ஏறக்குறைய 6 பாகை குறைகின்றது. 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டாவைச் சூழ்ந்த மேட்டுநிலத்திலே, பனிக்கால இரவுகளில் உறைபனி படியும். திறந்த வெளியில் முளைத்த சோலைமரக் கன்றுகள் அதனாற் கருகும், புல்லோ பிழைக்கும். மலைமடிப்புகளிலே சோலையும், வெளியிலே வரையாடு மேயும் புல்வெளியும் அமைந்தமைக்கு இஃதொரு முதன்மைக் காரணமாம்.

நிற்க. 19ஆம் நூற்றாண்டு முதல் அப்புல்வெளியைப் பாழ்நிலமென்றெண்ணி, ஆஸ்திரேலிய வேலமரங்களையும் தைலமரங்களையும் நட்டனர். அவை பரவப் பரவப் புல்வெளி சுருங்கிற்று. மரமின்மை அந்நிலத்தின் குறையன்று. வெப்பமும் ஈரமும் அதற்கு அளந்து கொடுத்த பங்கே அது. மரம் நட விழையும் நாம், நடுமுன் அப்பங்கை அறிந்து கொள்வோமாக.