மீளத்துவக்க நிலுவை

மீளத்துவக்க நிலுவை என்பது, நிறுவிய மென்பொருளோ இற்றைப்படுத்தலோ முழுமை பெறுவதற்குக் கணினியை மீண்டும் துவக்க வேண்டியிருக்கும் நிலை ஆகும். பணியிடக் கணினிகளில் நிறுவல்கள் தடைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விண்டோஸ் இயங்குதளத்தில், பயன்பாட்டிலுள்ள கோப்பைப் பொதுவாக மாற்றி எழுத இயலாது. எனவே நிறுவி புதிய கோப்பை வேறு பெயரில் வைத்துவிட்டு, பெயர்மாற்றக் கோரிக்கையை ரெஜிஸ்ட்ரியில் பதிகிறது. அடுத்த துவக்கத்தில், பிற நிரல்கள் அக்கோப்பைத் திறக்கும் முன்னரே மாற்றம் நிகழ்கிறது. அதுவரை சில நிறுவிகள் (எ.கா: எஸ்.க்யூ.எல். சர்வர்) மேற்செல்ல மறுக்கும்.

விண்டோஸ் இன்ஸ்டாலர் தரும் 3010 என்ற எண் பிழையன்று. நிறுவல் வெற்றி, மீளத்துவக்கம் தேவை என்பதே அதன் பொருள். 1618 வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருப்பதையும், 1603 உண்மையான தோல்வியையும் சுட்டும். 3010-ஐக் கண்டு மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவது வீண் வேலை.

கணினியை அணைப்பது மீளத்துவக்கம் ஆகிவிடாது. விண்டோஸ் 8 (2012) முதல் உள்ள விரைவுத் துவக்க வசதி செயற்பாட்டிலிருந்தால், அணைக்கும்போது கெர்னல் எனப்படும் கருனியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீட்கப்படும். நரிக்குடியில் ஓர் அலுவலர் நாள்தோறும் மாலையில் தவறாமல் கணினியை அணைத்துச் சென்றாலும் நிலுவை தீராதிருக்கக்கூடும். 'ரீஸ்டார்ட்' என்பதையே சொடுக்க வேண்டும்.

சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் போன்ற லினக்ஸ் வழங்கல்களில், திறந்திருக்கும் கோப்புக்குப் பதிலாகப் புதியதை வைக்கலாம். ஆயினும் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் பழையதையே பயன்படுத்தும். புதிய கருனிக்குப் பொதுவாக மீளத்துவக்கம் வேண்டும்.

நிலுவையைத் தள்ளிப்போடுவது பாதுகாப்புக்கும் கேடு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வரவும் மீளத்துவக்கம் தேவைப்பட்டது.